சொகுசுக் கப்பலுக்கு வரவேற்பு, விசைப்படகுக்கு ஜெயில்! ஒரே துறைமுகத்தில் இரண்டு காட்சி

ஜெகதாப்பட்டினம்,

கடலில் சாப்பிடுவதில் இரண்டு விதம் உண்டு.

11 அடுக்கு கப்பலில், ஏ.சி. ஹாலில், வெள்ளைத் துணி விரித்த மேஜை முன்னால் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா சார்?" என்று கேட்கக் கேட்க சாப்பிடுவது ஒரு விதம்.

விசைப்படகின் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அலை தூக்கிப் போடும்போது தட்டு ஓடிவிடாமல் முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி வலைக்கு ஓடுவது இன்னொரு விதம்.

முதல் விதம் சாப்பாட்டுக்கு ஆயிரம் ஆயிரமாக பணம் கட்ட வேண்டும். இரண்டாவது விதம் புதுக்கோட்டை மாவட்டம் ஜெகதாப்பட்டினத்தில், வாரத்தில் 3 நாள் நடக்கிற சமாசாரம்.

கப்பல் வேறு, படகு வேறு. ஆனால் இரண்டும் போய் நின்ற துறைமுகம் ஒன்று. அதுதான் இலங்கையின் வடகோடியில் உள்ள காங்கேசன்துறை!

அதன் விவரம் வருமாறு:-

மிதக்கும் ஓட்டல்

2022-ம் ஆண்டு ஜூன் 4-ந்தேதி சென்னை துறைமுகத்தில் இருந்து ஒரு சொகுசுக் கப்பல் கிளம்பியது. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். "கோர்டெலியா" என்ற கம்பெனியின் "எம்பிரஸ்" கப்பல் அது.

எம்பிரஸ் என்றால் மகாராணி. மகாராணிக்கு வயது கொஞ்சம் அதிகம்தான். 1990-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் செயின்ட் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் பிறந்தவர். அப்போது பெயர் "நார்டிக் எம்பிரஸ்". அமெரிக்காக்காரர்களை பகாமா தீவுகளுக்கு கூட்டிப்போய் கூட்டி வருவதுதான் வேலை. பிறகு பெயர் மாறி, கை மாறி, ஸ்பெயின் நாட்டுக் கம்பெனியிடம் கொஞ்ச காலம் ஓடி, கொரோனா காலத்தில் கப்பல்கள் எல்லாம் முடங்கிக் கிடந்தபோது விலைக்கு வந்து, 2021-ல் பம்பாய் கரைக்கு வந்து சேர்ந்தது.

நீளம் 210 மீட்டருக்கு மேல். கொள்ளளவுக் கணக்கில் 48 ஆயிரம் டன்னுக்கு மேல். சுமார் 800 அறைகள். நீச்சல் குளம், நாடக அரங்கு, உடற்பயிற்சிக் கூடம், குழந்தைகள் விளையாடும் இடம், ஏறி விளையாட செயற்கைப் பாறைச் சுவர், சூதாட்ட கிளப்... அடேயப்பா!

"அது சரி, சாப்பாடு எப்படி?" என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்குத்தான் வருகிறோம்.

தின்னத் தின்ன திகட்டாது

இந்த மாதிரி கப்பல்களில் ஏறிவிட்டால் சாப்பாட்டுக்கு தனியாக பர்சை திறக்க வேண்டாம். டிக்கெட்டிலேயே அது அடக்கம். காலை டிபன், மதியச் சாப்பாடு, மாலை டீ, பலகாரம், இரவு விருந்து. அதற்கு மேலும் பசித்தால் ராத்திரியும் கதவு திறந்திருக்கும். பெரிய ஹாலில் வரிசையாக பதார்த்தங்களை வைத்திருப்பார்கள். தட்டை எடுத்துக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். "இவன் மூன்றாவது தடவை வருகிறானே" என்று யாரும் முறைக்க மாட்டார்கள்.

உட்கார்ந்து சாப்பிட இன்னொரு ஹால். அங்கே பரிமாற ஆள் உண்டு. சீனச் சாப்பாடு, மேல்நாட்டுச் சாப்பாடு, வடநாட்டுச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஜைனர்களுக்கு வெங்காயம், பூண்டு இல்லாத தனிச் சமையல். நம் ஊர் கப்பல் என்பதால் இந்த ஏற்பாடு.

ஆனால் ஒரு விஷயம். சாப்பாடு டிக்கெட்டில் சேர்த்தி. "தண்ணி" தனிக் கணக்கு! கையில் காசு புழங்காது. அறைச் சாவியாக ஒரு அட்டை கொடுப்பார்கள். கிளப்பில் குடித்தாலும், கடையில் வாங்கினாலும் அந்த அட்டையை நீட்டினால் போதும். கடைசி நாள் பில் வரும்போதுதான் சிலருக்கு மயக்கம் தெளியும்.

இவ்வளவு பேருக்கு நடுக்கடலில் எப்படி சமைக்கிறார்கள்? கீழ் அடுக்கில் பனி அறைகள். இறைச்சிக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று என்று தனித்தனியாக. கரையில் நிற்கும்போதே மொத்த சாமானையும் ஏற்றிவிட வேண்டும். நடுவழியில் "கொத்தமல்லி தீர்ந்து போச்சு, பக்கத்து கடைக்கு ஓடு" என்று பையனை அனுப்ப முடியாது! கப்பலுக்கு நெருப்புதான் பரம எதிரி. அதனால் சமையல் அறையில் திறந்த நெருப்பு கிடையாது. எல்லாம் மின்சார அடுப்பு. பாத்திரம் சறுக்கி விழாமல் இருக்க அடுப்பைச் சுற்றி கம்பி. குடிக்கிற, குளிக்கிற நல்ல தண்ணீரில் பெரும்பகுதியை கடல் தண்ணீரிலேயே உப்பை நீக்கி தயாரித்துக்கொள்கிறார்கள்.

சாப்பாட்டு ஹால் வாசலில் கை கழுவும் மருந்தை வைத்துக்கொண்டு ஒரு ஆள் நிற்பார். அது வெறும் மரியாதைக்காக அல்ல. கூட்டமாக தங்கி, கூட்டமாக சாப்பிடும் இடம். ஒருவருக்கு வாந்தி, பேதி கிருமி வந்தால் இரண்டே நாளில் நூறு பேருக்கு பரவும். மேல்நாட்டுக் கப்பல்களில் இது பல முறை நடந்திருக்கிறது.

மிச்ச சாப்பாடு? அதற்கும் சர்வதேசச் சட்டம் உண்டு. நன்றாக அரைத்த உணவுக் கழிவு என்றால் கரையில் இருந்து 3 கடல் மைலுக்கு அப்பால்தான் கொட்டலாம். அரைக்காதது என்றால் 12 கடல் மைல் தாண்ட வேண்டும். ஆக, தட்டில் மிச்சம் வைத்த பிரியாணி கடைசியில் மீனுக்குத்தான் போகிறது.

ரெய்டும் ரகளையும்

இந்தக் கப்பலுக்கு போலீஸ் கதையும் உண்டு. 2021-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி பம்பாயில் இருந்து கோவா கிளம்ப இருந்த நேரத்தில், போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் பயணிகள் போல ஏறி சோதனை போட்டார்கள். பிரபல இந்தி நடிகரின் மகன் உள்பட பலர் பிடிபட்டனர். நாடே பேசியது. கடைசியில் 2022 மே மாதம், போதிய ஆதாரம் இல்லை என்று நடிகர் மகன் மீது குற்றப்பத்திரிகையே போடவில்லை.

அடுத்த மாதமே புதுச்சேரியில் ரகளை. சென்னையில் இருந்து கிளம்பிய கப்பல் புதுச்சேரி பக்கம் வந்தது. "சூதாட்டம் நடக்கும் கப்பல் இங்கே வேண்டாம்" என்று எதிர்ப்பு. பயணிகளை இறக்க அரசு அனுமதி கொடுக்கவில்லை. ஊர் தெரிகிற தூரத்தில் நின்றுவிட்டு கப்பல் திரும்பியது. உள்ளே இருந்தவர்களுக்கு என்ன நஷ்டம்? ஒரு வேளை கூடுதலாக சாப்பிட்டிருப்பார்கள்!

காங்கேசன்துறையில் மேளதாளம்

2023-ம் ஆண்டு ஜூன் 5-ந்தேதி அதே கப்பல் சென்னையில் இருந்து இலங்கைக்கு கிளம்பியது. மத்திய மந்திரி சர்பானந்த சோனோவால் கொடியசைத்தார். சென்னை துறைமுகத்தில் ரூ.17 கோடியே 21 லட்சம் செலவில் கட்டிய பயணிகள் முனையமும் அன்றுதான் திறக்கப்பட்டது. இலங்கையின் தென்கோடி அம்பாந்தோட்டை, கிழக்கே திருகோணமலை, வடக்கே காங்கேசன்துறை. இதுதான் பாதை.

ஜூன் 16-ந்தேதி கப்பல் முதல் முறையாக காங்கேசன்துறைக்கு வந்தது. யுத்த காலத்தில் பாழாகிக் கிடந்த துறைமுகம் அது. அங்கே பயணிகளுக்காக புதிய முனையம். இலங்கை மந்திரியே வந்து வரவேற்றார். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியதும் யாழ்ப்பாணத்தைச் சுற்றிப் பார்க்கலாம். நல்லூர் கந்தசாமி கோவிலில் கும்பிடலாம். யாழ்ப்பாணத்து நண்டுக் குழம்பு சாப்பிடலாம். சாயங்காலம் கப்பல் ஏறிவிடலாம்.

வழியில் இந்தியக் கடல் முடிந்து இலங்கைக் கடல் தொடங்குகிற கோடு ஒன்று உண்டு. 1974, 1976-ம் ஆண்டு ஒப்பந்தங்களில் போட்ட கோடு. சூப் குடித்துக்கொண்டிருந்த பயணிக்கு அந்தக் கோடு எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது.

அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று ஜெகதாப்பட்டினத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் தெரியும்.

இந்தக் கரையில் என்ன நடக்கிறது?

கிழக்கு கடற்கரை சாலையில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் தாண்டினால் ஜெகதாப்பட்டினம். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை மொத்தமே சுமார் 42 கிலோ மீட்டர்தான். அதில் விசைப்படகுத் தொழிலுக்கு பெயர் போன ஊர்கள் இந்த இரண்டும்.

இங்கிருந்து அந்தச் சொகுசுக் கப்பலைப் பார்க்க முடியாது. பாக் நீரிணையும், பாக் விரிகுடாவும் ஆழம் குறைந்த கடல். அவ்வளவு பெரிய கப்பல் இதற்குள் நுழைந்து தெற்கே போக வழி கிடையாது. 12 மீட்டர் ஆழத்துக்கு கால்வாய் வெட்டுவதாக 2005-ம் ஆண்டு சேது சமுத்திர திட்டத்தை தொடங்கினார்கள். அது கோர்ட்டு, வழக்கு என்று பாதியில் நின்றது. அதனால் சென்னையில் இருந்து போகிற கப்பல் இலங்கையின் கிழக்குப் பக்கமாகச் சுற்றித்தான் வரும்.

ஆழம் குறைந்த கடல்தான் இறாலுக்கும், நண்டுக்கும் வீடு. அதுதான் இந்த ஊர்க்காரர்களுக்கு பிழைப்பு. அதுவே வம்பும்!

வாரத்தில் திங்கள், புதன், சனி. இந்த 3 நாள் விசைப்படகு. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. மீன்வளத்துறை ஆபீசில் டோக்கன் வாங்கினால்தான் கடலுக்குப் போக முடியும். போகிற அன்று இறங்குதளத்தில் ஒரே பரபரப்பு. டீசல் கேன் ஒரு பக்கம். ஐஸ் பாரை உடைத்து நொறுக்கி பெட்டியில் கொட்டுகிறவர்கள் ஒரு பக்கம். நடுவே யாரும் கவனிக்காத ஒரு மூட்டை போகும். அதில் அரிசி, மிளகாய்த்தூள், புளி, உப்பு, வெங்காயம், டீத்தூள், சர்க்கரை. கூடவே குடிதண்ணீர் கேன்.

அதுதான் இந்தக் கப்பலின் "பனி அறை", "சாப்பாட்டு ஹால்" எல்லாம்!

படகில் நாலைந்து பேர். அவர்களில் ஒருவர்தான் சமையல். வலையும் இழுக்க வேண்டும், உலையும் வைக்க வேண்டும். ஓட்டுகிறவர் அறைக்கு பின்னால் காற்று படாத மூலையில் ஸ்டவ். முதல் வலையைப் போட்டுவிட்டு, படகு அதை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போகிற நேரத்தில்தான் சோறு வடிக்க நேரம் கிடைக்கும். முதல் மடி ஏறி, அதில் விழுந்த மீனில் கொஞ்சம் சட்டிக்கு வரும். புளியைக் கரைத்து, தூளைப் போட்டு, ஒரே கொதி. அந்த மீன் ஆனத்தின் ருசி (ஆனம் என்றால் இந்தக் கரையில் குழம்பு) எந்த நட்சத்திர ஓட்டலிலும் கிடைக்காது. சும்மா சொல்லக்கூடாது, மீன் துடிப்பு அடங்கும் முன்னால் குழம்பாகி விடுகிறது!

ஆனால் சட்டிக்கு வருகிற மீன் எது தெரியுமா? ஏலத்துக்கு போகிற இறாலும், பெரிய கணவாயும், நல்ல நண்டும் அதில் சேராது. அதெல்லாம் ஐஸ் பெட்டிக்கு. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகிறது. காரல், சூடை, விலை போகாத பொடி மீன், இவைதான் பிடித்தவருக்கு. அதற்கும் கீழே "சங்காயம்" என்று ஒன்று உண்டு. குஞ்சும் குளுவானும் கலந்து வருகிற கழிவு மீன். அது கோழித் தீவனத்துக்குப் போகிறது.

கக்கூஸ் கிடையாது. படுக்கை கிடையாது. ராத்திரி முழுக்க வலை போட்டு இழுக்கிறவர்களுக்கு ஏது தூக்கம்? கிடைத்த இடத்தில் தலையைச் சாய்த்தால் அடுத்த இழுப்புக்கு எழுப்பி விடுவார்கள். கரைக்கு வந்து மீனை விற்று, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, படகுக்காரர் பங்கு போக மிச்சம்தான் ஆட்களுக்கு. செலவுக்கே மீன் படாத நாளும் உண்டு. அன்றைக்கு கணக்கு பூஜ்யம்.

வருஷத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று அரசு போட்ட தடை. விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். 2023-ல் அந்தத் தடை ஜூன் 14 நள்ளிரவோடு முடிந்தது. மறுநாள் விட்டு மறுநாள்தான் காங்கேசன்துறையில் அந்த சொகுசுக் கப்பல் வரவேற்பு. இங்கே 2 மாதம் வருமானம் இல்லாமல் இருந்த குடும்பங்கள் கடன் வாங்கி டீசல் போட்டுக்கொண்டிருந்த நேரம்!

அதே துறைமுகம், வேறு வாசல்

இந்தக் கரையில் இருந்து தென்கிழக்கே போனால் நெடுந்தீவு. அங்கேதான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். "எல்லை தாண்டி வந்து மீன் பிடித்தார்கள்" என்று இலங்கை கடற்படை படகை வளைத்துப் பிடிக்கும். பிடிபட்டவர்களில் பலரை கொண்டு போகிற இடம் எது?

காங்கேசன்துறை கடற்படை முகாம்!

கப்பல் வருவதற்கு 3 மாதம் முன்னால், 2023 மார்ச் மாதத்திலும் புதுக்கோட்டை மாவட்ட மீனவர்கள் பிடிபட்டார்கள். அவர்களுக்கு மேளமும் இல்லை, மந்திரியும் இல்லை. முகாமில் விசாரணை. பிறகு மீன்துறை அதிகாரிகளிடம் ஒப்படைப்பு. ஊர்காவற்றுறை கோர்ட்டு மாதிரி ஏதாவது ஒரு கோர்ட்டில் ஆஜர். யாழ்ப்பாணம் ஜெயில். நல்லூர் கோவிலும் அதே யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறது.

பிடித்த படகுகளின் கதி இன்னும் மோசம். 2022-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந்தேதி தொடங்கி 5 நாள், பிடித்து வைத்திருந்த 105 இந்தியப் படகுகளை இலங்கை அரசு ஏலத்துக்கு விட்டது. காரைநகரில் 65, கிராஞ்சியில் 24, தலைமன்னாரில் 9, கற்பிட்டியில் 2. காங்கேசன்துறையில் 5 படகுகள், அது பிப்ரவரி 8-ந்தேதி. பல லட்ச ரூபாய் போட்டு, வட்டிக்கு வாங்கிக் கட்டிய படகுகள் அவை.

உயிரும் போயிருக்கிறது. 2021 ஜனவரி 18-ந்தேதி கோட்டைப்பட்டினத்தில் இருந்து கடலுக்குப் போன ஒரு விசைப்படகு திரும்பவில்லை. அதில் இருந்த 4 பேரும் பிணமாகத்தான் மீட்கப்பட்டார்கள். இலங்கை கடற்படை கப்பல் மோதி மூழ்கடித்தது என்கிறார்கள் இங்குள்ளவர்கள். தப்பிக்கப் பார்த்த படகுதான் எங்கள் கப்பல் மீது மோதி மூழ்கியது என்றது கடற்படை. அதே வருஷம் அக்டோபரில் இன்னொரு கோட்டைப்பட்டினம் படகு இதே மாதிரி மோதலில் மூழ்கியது. அதில் ஒரு இளைஞர் செத்தார்.

அந்தப் பக்கத்து நியாயம்

சட்டப்படி பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பயணிகள் கப்பல் அனுமதி வாங்கிக்கொண்டு போகிறது. மீன்பிடிப் படகு அடுத்த நாட்டுக் கடலில் அனுமதி இல்லாமல் வலை போடுகிறது.

தவிர, எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான். யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்துச் சின்னப் படகுக்காரர்கள். யுத்தத்தின்போது பல வருஷம் கடலில் இறங்கவே விடவில்லை அவர்களை. 2009-ல் யுத்தம் முடிந்து வலையை எடுத்துக்கொண்டு போனால், தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வந்து அந்த வலையை அறுத்துக்கொண்டு போகின்றன என்பது அவர்களுடைய புகார். இழுவை வலை கடலின் அடியை அரித்துக்கொண்டு போகும். குஞ்சு மீனும் தப்பாது. சங்காயம் என்று கோழித் தீவனத்துக்குப் போகிறதே, அது வளர்ந்திருந்தால் நாளைய மீன். 2017-ல் இலங்கை இழுவை வலையை முழுக்கத் தடை செய்தது. 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தை கோடிக்கணக்கில் ஏற்றியது. சொகுசுக் கப்பல் பயணி யாழ்ப்பாணத்தில் ருசித்துச் சாப்பிட்ட நண்டு, அந்தச் சின்னப் படகுக்காரர் பிடித்ததாகத்தான் இருக்கும்.

அப்படியானால் இங்குள்ளவர்கள் என்ன செய்வது? இழுவைப் படகை விட்டுவிட்டு ஆழ்கடலுக்கு போங்கள் என்று 2017-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஒரு படகு ரூ.80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் 10 சதவீதம். 2 ஆயிரம் படகுகள் மாற்றுவது நோக்கம். ஆனால் சேர்ந்தவர்கள் சொற்பம். தலைமுறையாக ஒரு ராத்திரி போய் மறுநாள் திரும்புகிறவர்கள், வாரக்கணக்கில் நடுக்கடலில் இருக்கிற தொழிலுக்கு மாறுவது லேசான காரியமா? கட்ட வேண்டிய தவணையும் சும்மா இல்லை.

அந்தக் காலத்துக் கப்பல்

கப்பல் பயணம் இந்தப் பக்கத்துக்கு புதிது ஒன்றுமல்ல. புதுக்கோட்டை, ராமநாதபுரம், தஞ்சாவூர்க்காரர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனது கப்பலில்தான். "ரஜுலா" என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். 1926-ல் ஓடத் தொடங்கி சுமார் 47 வருஷம் ஓடியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர். ஆரம்பத்தில் மேல் தளத்து பயணிகள் மட்டும் 5 ஆயிரம் பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்த கப்பல்! அறை கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. சட்டியும், ஊறுகாயும் கையோடு போகும். 1973-ல் அதற்கு பதிலாக "எம்.வி. சிதம்பரம்" வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்து பலர் இறந்தார்கள். சென்னை - சிங்கப்பூர் பயணிகள் கப்பல் அதோடு முடிந்தது.

அந்தக் கப்பல்களில் பிழைக்கப் போனார்கள். இன்றைய சொகுசுக் கப்பலில் ஊர் சுற்றப் போகிறார்கள். ஆனால் பிழைக்கப் போகிறவர் இன்றைக்கும் கப்பலில் இருக்கிறார். கீழ் அடுக்கில்!

கீழ் அடுக்கில் யார்?

மேலே பரிமாறுகிற, பாத்திரம் தேய்க்கிற, அறை சுத்தம் செய்கிற ஆட்கள் நூற்றுக்கணக்கில். உலகம் முழுக்க ஓடுகிற சொகுசுக் கப்பல்களில் இந்தியர்களும், பிலிப்பைன்ஸ்காரர்களும் ஏராளம். 6 மாதம், 9 மாதம் என்று ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதாவது மிச்ச 14 மணி நேரமும் வேலை வாங்கினால் சட்டத்தில் இடம் இருக்கிறது! விருந்து ஹாலில் அவர்கள் உட்கார முடியாது. அவர்களுக்கு தனிச் சாப்பாட்டு அறை.

இருந்தாலும் சம்பளம் டாலரில் என்பதால் மவுசு குறையவில்லை. கேட்டரிங் படித்த பையன்கள் கப்பல் வேலைக்கு அலைகிறார்கள். கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். "அப்பன் மாதிரி படகில் போய் ஜெயிலில் கிடக்க வேண்டாம்" என்று பிள்ளையை கப்பலுக்கு அனுப்ப நினைக்கிற வீடுகள் உண்டு. இங்கேதான் ஏமாற்றுப் பேர்வழிகள் நுழைகிறார்கள். லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு போலி ஆர்டரை நீட்டிவிட்டு கம்பி நீட்டுகிறார்கள்.

விஷயம் இதுதான். கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்டு, மத்திய அரசின் கப்பல் துறை இயக்குனரகத்தில் லைசென்சு வாங்கியிருக்க வேண்டும். வேலைக்காக மாலுமியிடம் கமிஷன் வாங்கக்கூடாது என்பது விதி. பணம் கேட்டாலே சந்தேகப்படுங்கள். லைசென்சு பெற்றவர்கள் பட்டியலை அந்த இயக்குனரகம் வெளியிடுகிறது. கையெழுத்துப் போடும் முன்னால் பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பி வரும் வழி

2023 அக்டோபர் 14-ந்தேதி நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு "செரியபாணி" என்ற பயணிகள் கப்பல் விடப்பட்டது. சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டு 16-ந்தேதி "சிவகங்கை" என்ற கப்பல் அதே பாதையில் ஓடியது. 150 பேர் உட்காரலாம். சுமார் 4 மணி நேரப் பயணம். சாமானியரும் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்துக்கொண்டு காங்கேசன்துறை போக ஒரு வழி.

பிடிபட்ட மீனவர் திரும்புகிற வழி வேறு. காவல் 2 வாரம், மறுபடி 2 வாரம் என்று நீட்டிப்பார்கள். அதற்குள் இங்கே மனைவிமார்கள் மீன்வளத்துறை ஆபீசுக்கும், கலெக்டர் ஆபீசுக்கும் மனுவோடு நடப்பார்கள். முதல்-அமைச்சர் டெல்லிக்கு கடிதம் எழுதுவார். கோர்ட்டு விடுவித்தால் கொழும்பு பக்கத்தில் மிரிஹான முகாமில் காத்திருப்பு. பயணப் பத்திரம் தயாரானதும் விமானம்!

ஆமாம், படகில் போனவர் விமானத்தில் வருகிறார். கொழும்பில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சென்னை. அங்கிருந்து மீன்வளத்துறை ஏற்பாடு செய்த வேன். திருச்சி தாண்டி, புதுக்கோட்டை தாண்டி, அறந்தாங்கி வழியாக ஊர். கட்டிய வேட்டி, கைலியோடு பலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் விமானப் பயணம்.

படகு மட்டும் கூட வராது. அதற்கு உரிமையாளர் ஆவணங்களோடு, கோர்ட்டு குறித்த தேதியில் இலங்கைக்குப் போய் ஆஜராக வேண்டும். போகாவிட்டால் படகு இலங்கை அரசுக்கு சொந்தம். போவதற்கு பாஸ்போர்ட்டு, விசா, வக்கீல், டிக்கெட்டு என்று செலவு. போனாலும் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை.